இலை பார்த்த காலம்

தோட்டத்தில் யாராவது உடம்பு முடியாமல் கிடந்தால் வழியில் பார்ப்பவர்கள் "இப்ப எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். என்னிடம் மட்டும் மூன்று வருடம் வேறு மாதிரிக் கேட்டார்கள். "இன்னைக்கு இலை எப்படி?" காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூடும் இடத்தில் கேட்பார்கள், குழாயடியில் கேட்பார்கள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போதும் கேட்பார்கள். "ஈரம்தான்" என்பேன். கொஞ்சம் தேவலை என்றால் "பரவால்ல" என்பேன். அதற்கு மேல் பேச எனக்குத் தெம்பு இருக்காது. அவர்களும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

இலை என்றால் வாழை இலை. என் கணவர் படுத்து எழுந்த இலை.

எழுபத்தேழாம் வருடக் கடைசியில் அது ஆரம்பித்தது. செமிலிங்கிலிருந்து உள்ளே போகும் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். நான் பால்மரம் வெட்டினேன், மரப்பட்டையைக் கீறி ரப்பர் பால் இறக்கும் வேலை. அவர் தோட்டத்து ஆலையில், பாலை உறைய வைக்க ஆசிட் கலக்கும் தொட்டியடியில் வேலை செய்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி ஊர் பேசி முடித்துவிட்டு, வேறு வீட்டுக் கதைக்குப் போய்விட்டிருந்த நிம்மதியான காலம் அது.

முதலில் வாய் புண்ணானது. அவர் என் குழம்பைக் குற்றம் சொன்னார். மிளகாயைக் குறைத்தேன், புளியைக் குறைத்தேன், கடைசியில் உப்பில்லாத கஞ்சி வரைக்கும் இறங்கி வந்தேன். புண் ஆறவில்லை. என் சமையல் மேல் விழுந்த பழி நீங்கியதில் எனக்கு அற்ப சந்தோஷம் ஒன்று இருந்தது. அதை அவரிடம் சொல்லியும் காட்டினேன். நான் அப்படிப்பட்டவள்தான்.

அப்புறம் நெஞ்சில் ஒரு கொப்புளம் வந்தது, தண்ணீர் கோத்து, பெரிதாக. அடுத்த நாள் முதுகில் நான்கு. ஆசிட் தெறித்திருக்கும் என்றார் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. என் கணவரைத் தொட்டியடியிலிருந்து மாற்றி, பால் நிறுக்கும் இடத்தில் போட்டார்கள். ஆசிட் பக்கம் போகாமலே கொப்புளம் வந்துகொண்டிருந்தது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸர் ஊதா மருந்தைத் தடவி அனுப்பினார். பாதி உடம்பு ஊதாவாக அவர் வாசலில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்ததுமே முடிவு சொல்லிவிட்டாள்.

"தங்கச்சி, இது ஆசிட்டும் இல்ல, கீசிட்டும் இல்ல. ஆத்தா வந்திருக்கா லா. வீட்டுல தாளிக்காதே."

நாங்கள் மாதாவைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் அவள் கொண்டுவந்து செருகிய வேப்பிலையை நான் எடுத்துப் போடவில்லை. மூன்று வாரம் தாளிக்கவும் இல்லை. ஃபாதர் வீடு சந்திக்க வந்த அன்று மட்டும் வேப்பிலையைக் கதவுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். யாருக்கும் கோபம் வராமல் இருந்தால் போதும் என்ற நிலைமைக்கு அப்போதே வந்துவிட்டேன்.

ஒரு நாள் சட்டையைக் கழற்றும்போது சட்டையோடு தோலும் வந்தது. அதற்குப் பிறகுதான் டிரஸர் கடிதம் எழுதித் தந்தார். நகரத்து ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் படுத்தார். தோலில் ஒரு துண்டு வெட்டிக் கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டாக்டர் மலாயில் நீளமாகப் பேசினார். எனக்கு மலாய் கடைக்குப் போதுமான அளவுதான் தெரியும். வார்டில் நர்ஸ் வேலையில் ஒரு தமிழ் மிஸ்ஸி இருந்தாள், என்னைவிடச் சின்னவள். அவள்தான் எடுத்துச் சொன்னாள்.

"வெளியிலேர்ந்து வந்த நோய் இல்லக்கா. யார்கிட்டேர்ந்தும் ஒட்டல, யாருக்கும் ஒட்டாது. அண்ணனோட உடம்பே அவரு தோல வேத்தாளுன்னு நெனச்சு வெரட்டுது."

"எப்ப நிறுத்தும்?"

"மாத்திர சாப்பிட்டா அடங்கும். ரொம்ப நாள் சாப்பிடணும்."

ரொம்ப நாள் என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

இலையைச் சொல்லித் தந்ததும் அந்த மிஸ்ஸிதான். ஆஸ்பத்திரித் துணி விரிப்பு புண்ணில் ஒட்டிக்கொள்ளும். காலையில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் கிடப்பதை என்னால் பார்க்க முடியாமல், குழாயடிக்குப் போய்ச் சும்மா கை கழுவிக்கொண்டு நிற்பேன். "வீட்டுக்குப் போனதும் வாழ எலையில போடுங்கக்கா. எங்க பெரியப்பாவுக்கு தீக்காயம் பட்டப்ப அப்படித்தான் போட்டாங்க. எலை ஒட்டாது" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் என் நாள் இலையைச் சுற்றி அமைந்தது. ஒரு நாளைக்கு மூன்று முழு இலை. நடுத்தண்டு முதுகில் குத்தும் என்பதால் அதைக் கத்தியால் சீவ வேண்டும். அடுப்பு அனலில் காட்டி வாட்ட வேண்டும். கொஞ்சம் கூடினால் கருகும், குறைந்தால் மடங்கும் இடத்தில் கிழியும். பளபளப்புப் பக்கத்தில் தேங்காயெண்ணெய் தடவிப் பாய் மேல் விரிக்க வேண்டும். எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருந்த வாழைகள் இரண்டே மாதத்தில் மொட்டையாகிவிட்டன. குலை தள்ள வேண்டிய மரங்களில் இலை இல்லாமல் போனதற்குப் பின்வீட்டார் முணுமுணுத்தது காதில் விழுந்தது. நான் கேட்காத மாதிரி இருந்தேன். பிறகு மெர்போக் போகும் வழியில் இருந்த மலாய்க்காரர் கிராமமான கம்பத்தில் ஒரு பாட்டம்மா, என் சைக்கிளைக் கண்டாலே இலைகளைக் கட்டி வேலியோரம் வைத்துவிடுவாள். என்ன நோய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் எனக்குப் பிடித்த ஆள் அவள் ஒருத்திதான்.

விடியுமுன் அவரைத் தாங்கி எழுப்பி உட்கார வைத்துவிட்டு இலையைப் பார்ப்பேன். எங்கே ஈரம், எங்கே தோல் ஒட்டியிருக்கிறது, நேற்றைவிடக் கூடவா குறைவா. பார்த்துவிட்டு அதைச் சுருட்டிக் குழியில் போட்டுவிட்டு, அவருக்குக் கஞ்சி வைத்துவிட்டு, பெரட்டுக்கு ஓடுவேன். அங்கேதான் மற்றவர்கள் கேட்பார்கள். அப்படித்தான் அது ஊர் வழக்கமாகிவிட்டது. இலை நன்றாக இருந்தால் அவர் நன்றாக இருக்கிறார். இலை மோசமென்றால் அவருக்கு மோசம். டாக்டர்கூட ஒருமுறை இலையைப் பற்றிக் கேட்டுச் சிரித்தார், நல்ல யோசனை என்றார்.

மாத்திரை தன் வேலையைக் காட்டியது. முகம் உருண்டு வீங்கியது. பசி எடுத்தால் பொறுக்க மாட்டார், கோபம் வந்தால் அதையும் பொறுக்க மாட்டார். "கன்னத்தப் பாரு, மறுபடியும் கல்யாணம் கட்டலாம் போல" என்று கேலி செய்வேன். "பொண்ணு பாரு, இலை வாட்டத் தெரிஞ்சவளா பாரு" என்பார். அப்படிச் சிரித்த நாட்களும் உண்டு. இல்லாத மாதிரி எழுதினால் பொய்யாகிவிடும். ஆனால் அதிகமாக இருந்தது களைப்புதான். மரம் வெட்டிவிட்டு வந்து, பால் வாளியைக் கழுவிவிட்டு, இலை தேடிப் போகும்போது, சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு மரத்தடியிலேயே படுத்துவிடலாமா என்று தோன்றும். சில நாள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டால் என்று தோன்றியிருக்கிறது. அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறேன், ஃபாதர் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது மிஸ்ஸி ஒரு அட்டை தந்திருந்தாள். மாதம் ஒரு தேதி. அன்றைக்கு அவரைக் கூட்டிப் போய் ரத்தம் எடுக்க வேண்டும். "தோலு நல்லாயிட்டாலும் ரத்தம் குடுக்க வரணும்க்கா. மறந்துடாதீங்க. இந்த மாத்திர ரத்தத்தக் கொறைக்கும். இந்த நோய் உள்ளவங்களுக்கு ரத்தத்துல வேற கோளாறும் வரலாம்னு டாக்டர் சொல்றாரு" என்றாள். எனக்கு அது நன்றாகவே கேட்டது. கேட்கவில்லை, புரியவில்லை என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டது, புரிந்தது.

இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு மாதமும் தவறாமல் போனோம். செமிலிங் வரை நடை, அங்கிருந்து பஸ், பீடோங்கில் இறங்கி இன்னொரு பஸ். உட்கார்ந்தால் முதுகுப் புண் உராயும் என்று அவர் நின்றுகொண்டே வருவார். ரத்தம் எடுக்க ஒரு நிமிடம், அதற்கு ஒரு முழு நாள்.

எண்பதாம் வருடக் கடைசியில் ஒரு நாள் இலை சுத்தமாக இருந்தது. எண்ணெயின் பளபளப்பு மட்டும் இருந்தது, வேறொன்றும் இல்லை. நான் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். மறுநாளும் சுத்தம். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் ஒரு வெற்று இலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். தன்னுடைய வேப்பிலைதான் வேலை செய்தது என்றாள். மூன்று வருடம் கழித்தா என்று நான் கேட்கவில்லை. அவரும் வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அதன்பின் அவர் என்னை விடியலில் காத்திருக்க விடவில்லை. "நீ போ லா, நானே எழுந்திரிச்சுக்குவேன்" என்றார். நான் மரம் வெட்டி முடித்து மதியம் வந்துதான் இலையைப் பார்ப்பேன். சுத்தமாக இருக்கும். தன் கைலியைத் தானே அலசிக் கொடியில் போட்டிருப்பார். கைலி அலசும் அளவுக்குத் தேறிவிட்டார் என்று குழாயடியில் பெருமையாகச் சொன்னேன்.

அட்டையில் போட்டிருந்த தேதி வந்தது. முந்தின நாள் அவர்தான் கேட்டார்.

"நாளைக்கு ரத்தம் குடுக்கப் போகணும்ல?"

நான் அப்போது கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு மத்தியானத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"இலதான் சுத்தமா இருக்கே. எதுக்கு?" என்றேன்.

அவர் அட்டையை எடுத்த இடத்திலேயே வைத்தார். அடுத்த மாதம் அவர் கேட்கவும் இல்லை. மாத்திரையை மட்டும் டிரஸரிடம் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டோம். அப்படி நான்கு மாதம் போனது.

அந்த நான்கு மாதத்தில் நான் தூங்கினேன். தலைக்கு எண்ணெய் வைத்தேன். ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்காவோடு பீடோங்குக்குப் போய்ச் சேலைத் துணி பார்த்துவிட்டு, வாங்காமல் திரும்பி வந்தேன். அவர் வெளுத்துக்கொண்டு வந்தது தெரியாமல் இல்லை. வீட்டுக்கு மூன்று படி. ஏறிவிட்டு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கையில் நீலநீலமாகக் கன்றித் தடம் விழுந்தது. மாத்திரையின் வேலை என்றேன். முகம் வீங்கியது மாத்திரையால், கோபம் மாத்திரையால், ஆகவே இதுவும் மாத்திரையால். எதைக் கண்டாலும் மாத்திரை மேல் போட்டுப் பழகிவிட்டிருந்தேன். இலை சுத்தமாக இருக்கும்போது வேறு எதைப் பார்ப்பது?

தோல் ஆறினால் அவர் உயரத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக மாதாவுக்கு நேர்ந்திருந்தேன். எண்பத்தொன்றாம் வருடம் தபசு காலம் முடிந்து, ஈஸ்டருக்குப் பிறகு நகரத்துக் கோவிலுக்குப் போனோம். மெழுகுவர்த்தியைத் தானே சுமந்து வருவதாக அடம்பிடித்தார். கோவில் படியில் பாதி ஏறினார். உட்கார்ந்தார். மெழுகுவர்த்தியை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பல்லெல்லாம் ரத்தமாக இருந்தது.

அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு. அந்த மிஸ்ஸி அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். நான்கு கட்டம் காலியாக இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அட்டையை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

ரத்தம் எடுத்தார்கள். இடுப்பு எலும்பில் ஊசி போட்டு அதற்குள்ளிருந்தும் எடுத்தார்கள். சில நாள் கழித்து டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மிஸ்ஸி பக்கத்தில் நின்றாள்.

"ரத்தத்துல கேன்சருக்கா" என்றாள்.

"தோலுலதானே நோய்?"

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். இந்தத் தோல் நோய் உள்ள சிலருக்கு ரத்தத்தில் இப்படி வருவதைப் பார்த்திருக்கிறார்களாம். உடம்பு தன்னையே எதிர்த்து நின்று நின்று அப்படி ஆகிறதா, அதை அடக்கத் தந்த மாத்திரையாலா, ரத்தத்தில் முதலிலேயே ஏதோ இருந்து அதுதான் தோலைக் கெடுத்ததா, அவருக்குத் தெரியவில்லை. தெரியாது என்பதை அவர் தயங்காமல் சொன்னார். எல்லாருக்கும் வராது, ஆனால் மற்றவர்களைவிட இவர்களைக் கூடுதலாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் மாதாமாதம் ரத்தம் என்றார்.

"நாலு மாசம் முன்னாடியே வந்திருந்தா?" என்று கேட்டேன். மிஸ்ஸி அதை மலாயில் கேட்டாள். டாக்டர் யோசித்தார்.

"முன்னாடியே தெரிஞ்சிருக்கும்னு சொல்றாரு. காப்பாத்தியிருக்கலாமான்னு சொல்ல முடியாதாம். இன்னும் கொஞ்ச மாசம் கெடைச்சிருக்கலாமாம்."

சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றினார்கள், ரத்தமும் ஏற்றினார்கள். வெள்ளை விரிப்பில் படுத்திருந்தார். அது ஒட்டவில்லை. முதுகைத் திருப்பிப் பார்த்தேன், ஒரு புண் இல்லை. மூன்று வருடமாக நான் கேட்டு அழுத தோல் அப்படியே கிடைத்திருந்தது. எனக்கு அதன் மேல் ஆத்திரமாக வந்தது.

ஒரு மத்தியானம் பார்க்கிற நேரத்தில், அவர் கொஞ்சம் தெளிவாக இருந்தபோது, மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டேன்.

"என்னால வந்தது. நான்தான் இலையப் பாத்துட்டு வேணாம்னேன்."

"இல சுத்தமா இல்ல புள்ள" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பேசுவதற்கு அவருக்கு மூச்சு போதவில்லை. நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தூங்கும்போது வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் ரத்தம் வடிந்திருக்கிறது. விடிந்து பார்த்தால் தலைமாட்டில் இலை மேல் கிடக்கும். நான் பெரட்டுக்குப் போன பிறகு எழுந்து, கைலியால் துடைத்துவிட்டு, கைலியை அலசிப் போட்டுவிடுவாராம். தினமும்.

"ஏன்?"

"நீ இலையப் புடிச்சுக்கிட்டு சிரிச்சியே, அன்னைக்கு" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "ரொம்ப அசந்து போயிருந்த" என்றார்.

நான் அவரைத் திட்டினேன். ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் திட்டினேன். அடுத்த கட்டிலில் இருந்த சீனக் கிழவர் திரும்பிப் பார்த்தார். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். மிளகாயைக் குறைத்த காலத்தில் நான் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த அதே முகம்.

அவர் அந்த மாதமே இறந்தார். தோட்டத்தில் எல்லோரும் வந்தார்கள். உடம்பைக் குளிப்பாட்டியவர்கள், தோல் எவ்வளவு அழகாக ஆறியிருக்கிறது, பாவம் அனுபவிக்கக் கொடுத்து வைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டார்கள். கோவிலில் ஏற்றாமலே திரும்பி வந்த மெழுகுவர்த்தி வீட்டில் இருந்தது. அதைத்தான் தலைமாட்டில் ஏற்றினோம்.

அந்த நான்கு மாத ஓய்வைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். நான் திருடிக்கொண்டதாக முதலில் நினைத்தேன். அவர் கொடுத்தது என்று பிறகு தெரிந்தது. இரண்டில் எது தாங்க முடியாதது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஓய்வு மட்டும் நன்றாகத்தான் இருந்தது. அவருக்கு அது தெரிந்திருந்தது.

நான்கைந்து வருடம் கழித்து ஜித்ராவில் பக்கத்து வீட்டு அக்காவின் மகளுக்குக் கல்யாணம். பந்தியில் எனக்கும் இலை போட்டார்கள். தண்ணீர் தெளித்தார்கள். வரிசையாக எல்லோரும் குனிந்து, உள்ளங்கையால் இலையைத் துடைத்து, தண்ணீரை வழித்து ஓரமாகத் தள்ளினார்கள். எல்லாக் கல்யாணத்திலும் செய்வதுதான், நானே எத்தனையோ முறை செய்திருக்கிறேன். அன்றைக்கு என் கை மடியிலிருந்து எழவில்லை. சோறு கொண்டுவந்தவர் வாளியோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்னா தங்கச்சி, இலையத் தொடைக்கல?" என்றாள் அக்கா. அவளே கையை நீட்டி எனக்காகத் துடைத்துவிட்டாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.